இரண்டு ஹைட்ரஜன் குறைய

பயோபோலிஸ் ஏழாம் மாடியில்
எனக்குக் கிடைத்த வேலை
பறிப்பது.

மஞ்சள் படிகம். ஆறு மூலை.
ஐந்தில் கார்பன், ஒன்றில் நைட்ரஜன்.
வளையம்தான், ஆனால் குடியேறாத வளையம்.
இரண்டு ஹைட்ரஜன் அதிகம்.
அவற்றை எடுத்துவிட்டால்
ஆறு எலக்ட்ரான்கள் கைகோத்துச் சுற்றும்.
அப்புறம் யார் வந்து தட்டினாலும்
சட்டென்று கதவு திறக்காது.

எடுக்க ஆள் வேண்டும்.
புத்தகத்தில் அவர்கள் பெயர் ஆக்ஸிஜனேற்றி.
பெய் ஷுவான் அவர்களை ஆ லோங் என்பாள்:
கடன் வசூலிக்க நள்ளிரவில் வந்து
அடுக்குமாடிக் கதவில்
சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போகிறவன்.

முதலில் நைட்ரிக் அமிலம்.
பழுப்புப் புகை கண்ணாடித் தடுப்பில் முட்டிக்கொண்டு எழுந்தது.
இரண்டு எடு என்றால் இரண்டோடு நிற்காத ரகம்.
நான்கு வாரம் பாடுபட்டு நாங்கள் ஒட்டிய பக்கக் கிளையையும்
முறித்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்து டிடிக்யூ.
குடுவை ஒரு நொடியில் இருண்டது.
காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.
கிளையும் பிழைத்தது.
கிலோ விலையைக் கேட்டதும்
டாக்டர் கோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதற்கு அர்த்தம் வேண்டாம் என்பது.

மாங்கனீஸ் டை ஆக்சைடு.
ஒரு பங்கு சரக்குக்குப் பத்துப் பங்கு கருப்பு.
வடிதாளில் சேறாய் அடைத்துக்கொண்டு
இரவு ஒன்பது வரை சொட்டியது.
நகக்கண்ணில் மூன்று நாள் போகவில்லை.
நாசி லெமாக் கடையில் கை நீட்டியபோது
"மோட்டார் பட்டறையா?" என்றாள் கடைக்காரி.
ஆமாம் என்றேன். எளிதாக இருந்தது.

இதற்கிடையில்தான் அந்தக் கடிதம்.
சிங்கப்பூர் என்னை ஏற்றுக்கொள்கிறது,
பழையதைத் துறந்த அத்தாட்சியோடு வரவும்.
அரை நாள் விடுப்பு. ஜெர்வாய்ஸ் சாலை.
வரிசை எண் நாற்பத்து மூன்று.
ஹலிம் என்று சட்டையில் எழுதியிருந்த அதிகாரி
என் நீல அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.
"தைப்பிங்கா? இன்னும் மழைதானா?"
"தினமும்" என்றேன்.
நான் போய் நான்கு வருடம்.
கத்தரிக்கோல் மூலையைத் தொட்டபோது
மன்னிப்புக் கேட்பதுபோல் ஒருமுறை இருமினார்.

மறுநாள் நான்காவது ஆள்:
காற்று.
அதாவது, கொஞ்சம் கரித்தூளும்,
குடுவைக் கழுத்தில் கட்டிய
ஒரு பலூன் ஆக்ஸிஜனும்.
பிறந்தநாள் விழாவில் மிஞ்சிய சிவப்புப் பலூன்.
யாரையும் மிரட்டத் தெரியாத ஆள்.
மூன்று மணிக்கு ஒரு தரம்
தகட்டில் புள்ளி வைத்து
ஊதா விளக்கடியில் பிடித்தோம்.
பழைய பொருள் நீலமாய் ஒளிரும்.
புதியது ஒளிராது.
ஆகவே நாங்கள் காத்திருந்தது
ஓர் ஒளி அணைவதற்காக.

நாற்பதாவது மணியில் அணைந்தது.
பெய் ஷுவான் கையுறையோடு என் கையில் அறைந்தாள்.
நான் இன்னொரு தரம் விளக்கைப் போட்டேன்,
சரிபார்க்க என்று சொல்லிக்கொண்டு.

குறிப்பேட்டில் எழுதியது:
நிறமற்ற திண்மம். விளைச்சல் எண்பத்தெட்டு சதவீதம்.
கிளை பத்திரம்.
கழிவு: தண்ணீர்.
பறிபோன இரண்டும் எங்கேயோ போய்விடவில்லை,
அசிட்டிக் அமிலத்தில் கரைந்து
கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயேதான் இருந்தன.
நாளைக்கு அதையும் உலர்த்த வேண்டும்.

அட்டையைக் கொடுத்ததற்கும்
புதியதை வாங்கப் போவதற்கும் நடுவில்
பதினொரு நாள்.
ஒரு குமிழில் பெயரெழுதி
அலமாரியில் வைக்க முடியாத நிலை அது.
அந்தப் பதினொரு நாளும்
வேலைக்குப் போனேன்,
புவன விஸ்தாவில் ரயில் ஏறினேன்,
இரண்டு முறை
நல்ல மழை.